அவருக்குத்தானுங்க பத்தவெக்கறது

வாங்க கண்ணு, உள்ள வாங்க. அந்த ஈரத்துண்ட மிதிச்சுராதீங்க, தாண்டி வாங்க. கதவச் சாத்திக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. தொறந்து கெடந்தா வாசம் மேல ஏறிரும். ஏறுச்சுன்னா மேல் வூட்டு ஷர்மிளா உடனே போனக் கையில எடுத்துரும். நீங்களே அது போன் பண்ணித்தான வந்திருக்கீங்க? கழுத்துல தொங்கற அட்டையப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. மாநகராட்சி, சுகாதாரப் பிரிவு. பேரு என்னங்க? எழுத்து பொடிசா இருக்குது, கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன். மங்கையர்க்கரசியா? நல்ல பேரு. இப்பெல்லாம் யாருங்க இப்படிப் பேரு வெக்கறாங்க.

உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், அதுல அவரோட துணி காயுது. இதுல உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. லிப்டுங்கறது பேருக்குத்தான் இருக்குது. நாங்க குடி வந்தப்பவே கெட்டுக் கெடந்துச்சு. இப்ப அதுக்குள்ள வாட்ச்மேன் சைக்கிள நிறுத்தி வெச்சிருக்காரு.

ஆமாங்க, பொகை எங்க வூட்டுதுதான். நான் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. உங்க நோட்டீஸ மாடிப்படிக்குக் கீழ ஒட்டுனாங்களே, நானும் படிச்சேன். அடுக்குமாடிக்குள்ள, படிக்கட்டுல, மொட்டை மாடில, சொவரு சேந்த வூட்டுக்குள்ள, எங்கயும் ஊதக்கூடாது. பீடி, சிகரெட்டு, அந்தக் கரண்டு சிகரெட்டு, எதுவும் கூடாது. நல்ல சட்டந்தானுங்க. நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். கேளுங்க, மாநகராட்சி இப்பத்தான் சட்டம் போட்டிருக்குது. நான் கலியாணமாகி வந்த வருசமே போட்டுட்டேன்.

மெய்யாலுந்தான். அவரு பவுண்டரில உலை பாத்தவரு. நாள் பூரா நெருப்புகிட்ட நின்னுட்டு, வூட்டுக்கு வந்தும் வாயில நெருப்பு. நான் சொன்னேன், இந்த வாசல்படிக்குள்ள பத்தவெச்சீங்கன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அன்னைல இருந்து மழையானாலும் வெளியதான். தெருவிளக்குக் கம்பத்துகிட்ட துண்டத் தலைல போட்டுட்டு நிப்பாரு. உள்ள வந்ததும் வாயக் கொப்புளிச்சுட்டுத்தான் என்றகிட்டப் பேசுவாரு. அவ்வளவு பயம். பயமா மரியாதையா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட என்னைய, இந்த வூட்ல பொகை வருதுன்னு நீங்க விசாரிக்க வந்திருக்கீங்க பாருங்க. அட கெரகமே.

அவரா? உள் ரூம்லதான் இருக்காரு. பாக்கலாம், பாக்கலாம். இப்பத்தான் கஞ்சி குடுத்தேன், சித்த நேரம் கண்ணசருவாரு. நீங்க இருந்து நான் சொல்றதக் கேட்டுட்டு அப்பறமாப் பாருங்க. யாருங்க இங்க உக்காந்து பேச்சுக் கேக்கறாங்க? வர்றவங்க எல்லாரும் வாசல்ல நின்னே பேசிட்டுப் போயிர்றாங்க.

அன்னிக்குக் காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தாரு. பிரஷு கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சவரு எந்திரிக்கவே இல்ல. வலது பக்கம் பூராப் போச்சு. பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரில இருந்து கொண்டாந்து, நாலு பேரு பெட்ஷீட்டுல தூக்கிட்டுத்தான் இந்த மாடி ஏறுனாங்க. ஏத்துனதோட சரிங்க. அதுக்கப்பறம் இவரு எறங்கல. இவரு எறங்காட்டி நானும் எறங்கல. கடைக்கு ஓடுவேன், ஓடியாருவேன், அதெல்லாம் எறங்குனதாகுங்களா? பாதிப் படில நிக்கறப்பவே உள்ள ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேக்கும். வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. அப்படியே படுத்திருப்பாரு, மோட்டுவளையப் பாத்துட்டு.

கொஞ்ச நாளைக்கு அவருக்கு எதுலயும் ஆசையில்லீங்க. சோறு ஊட்டுனா முழுங்குவாரு. திருப்பிப் போட்டா திரும்புவாரு. பையன் தரணி துபாய்ல இருந்து வீடியோவுல கூப்பிட்டா, அந்தப் போனையே உத்துப் பாப்பாரு, யாரோ எவரோன்னு. அப்பறம் ஒரு நாளு சாயந்தரம், இடது கையத் தூக்கி ரெண்டு வெரல வாய்கிட்டக் கொண்டு போனாரு. எனக்கு மொதல்ல வெளங்கல. பசிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னு தலைய ஆட்டுனாரு. மறுபடியும் ரெண்டு வெரலு. அப்பறந்தான் புரிஞ்சுது. எனக்கு அழுகையா வந்துருச்சுங்க. கோவமில்ல. ஏதோ ஒண்ணு வேணும்னு கேட்டுட்டாரே, அந்தச் சந்தோசம்.

டாக்டரு கூடாதுன்னாரு. வெசம்னாரு. எனக்குத் தெரியாதுங்களா? காலு போச்சு, கை போச்சு, பேச்சுப் போச்சு. மிச்சமிருக்கற ஒரு ஆசையையும் நானே புடுங்கோணுமா? கடைக்குப் போயி வாங்கியாந்தேன். கடைக்காரரு யாருக்கும்மான்னு கேக்கறாரு. அவருக்குத்தானுங்கன்னேன்.

பத்தவெக்கத் தெரியோணுமில்ல. அவரு வாயில வெச்சுத் தீக்குச்சியக் காட்டுனேன். நுனி கருகுதே தவிரப் பத்த மாட்டீங்குது. அவருக்கு ஒதடு கோணி இருந்துச்சு, இழுக்கறதுக்கு வலுவில்ல. என்ன பண்றது? என்ற வாயில வெச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பத்தவெச்சேன். இருமுனேன் பாருங்க, கொடலே வெளிய வந்துரும்போல இருந்துச்சு. கண்ணுல தண்ணி. அவரு சிரிச்சாரு. பாதி மூஞ்சில சிரிச்சாரு. படுக்கைல விழுந்ததுக்கப்பறம் அன்னிக்குத்தான் மொதமொதல்ல சிரிச்சது.

அப்படி ஆரம்பிச்சதுங்க. மத்தியானம் பாத்திரமெல்லாங் கழுவிட்டு, கட்டல் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காருவேன். பத்தவெச்சு அவரு வாயில வெப்பேன். எடுப்பேன். சாம்பலத் தட்டுவேன். நடுவுல அணைஞ்சு போச்சுன்னா மறுபடி ஒரு இழுப்பு, பத்தவெக்கறதுக்கு. மறுபடி வெப்பேன். அந்த நேரத்துக்கு யாரும் என்னையக் கூப்பிட மாட்டாங்க. துணி ஊற வெக்கோணும், மாத்திரை குடுக்கோணும், ஒண்ணும் நெனப்புல வராது. ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்திருப்போம். கலியாணம் ஆன நாள்ல இருந்து நாங்க அப்படி உக்காந்ததே இல்லீங்க. அவருதான் வெளியவே நின்னுட்டிருந்தாரே.

நான் சிகரெட்டு குடிக்கறவ இல்லீங்க. அதச் சொல்லிர்றேன். எங்க வகையறால எந்தப் பொம்பளையும் தொட்டதில்ல. பத்தவெக்கறது மட்டுந்தான்.

அப்பறம் உங்க சட்டம் வந்துச்சு. இந்த அடுக்குமாடில ஊதற ஆம்பளைங்க எத்தனையோ பேரு. எதுத்த வூட்டு வக்கீலு, கீழ மருந்துக்கடை வெச்சிருக்கறவரு. சட்டம் அவிங்கள என்னங்க பண்ணுச்சு? கேட்டுக்கு வெளிய போறாங்க, ஊதறாங்க, அரசியல் பேசறாங்க, ஏறி வர்றாங்க. வக்கீலுக்கு முன்னைக்கு இப்ப ஒடம்பு எளச்சே போச்சுன்னு அவரு சம்சாரம் சொல்லுது, ஏறி எறங்கறதுல. எறங்க முடிஞ்சவங்களுக்குச் சட்டம் நல்லதுங்க. எறங்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? ஒரு பொம்பள போயி அந்த ஆம்பளைங்க நடுவுல நிக்க முடியுங்களா?

இல்லீங்க, இவரத்தான் சொல்றேன். இவரு எப்படி எறங்குவாருங்கறேன்.

மேல் வூட்டு ஷர்மிளா மொதல்ல நல்லாத்தான் பேசுச்சு. கதவத் தட்டி, ஆன்ட்டி, எங்க யாழினிக்கு வீசிங், ஜன்னலு வழியா வாசம் வருது, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லுச்சு. பாத்துக்கறேன் சாமின்னேன். ஜன்னலச் சாத்துனேன். மறுபடியும் வந்துச்சு. பாத்ரூமு ஓட்டை வழியா வருதாம். அதையும் அடைச்சேன். சமையக்கட்டு பேன ஓட விடாம நிறுத்துனேன். மூணாந்தடவை வந்தப்ப ஆன்ட்டி இல்லீங்க, ஏனுங்க, ஏனுங்கன்னு பேசுச்சு. வூட்டு ஓனருக்குச் சொல்லிருவோம், மாநகராட்சிக்குச் சொல்லிருவோம்னு சொல்லுச்சு.

தரணிகிட்டச் சொல்லி அழுதேன். லீவுக்கு வந்தப்ப அவன் அந்தக் கரண்டு சிகரெட்டக் கொண்டாந்தான். பேனா மாதிரி இருந்துச்சு. அம்மா, இதுல பொகையே இல்ல, நாத்தமே இல்ல, யாருக்கும் தெரியாதுன்னான். நெசமாவே நாத்தமில்லீங்க. மாம்பழ வாசம். அவரு ஒரு இழு இழுத்துட்டுத் துப்பிட்டாரு. வாங்கியாந்தது வீணாப் போயிருமேன்னு நான் அதக் கையில வெச்சு எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துட்டு இருந்தேன், ரெண்டு மூணு நாளு. கார்த்திகை மாசங்க அப்ப. கார்த்திகைல யாரு வூட்ல மாம்பழம்? ஷர்மிளா வூட்டுக்காரரு வந்து நின்னு, அது இன்னும் மோசம், நம்ம நாட்டுலயே கூடாது, தெரியுமில்லங்கறாரு. எடுத்துக் குப்பைல போட்டுட்டேன்.

அதுக்கப்பறந்தான் இந்த ஈரத்துண்டு. கதவுக்கடில இது. ஜன்னலு சந்துல பழைய சேலையக் கிழிச்சுத் திணிச்சிருக்கேன், பாத்தீங்களா? ஒரு சொட்டு வெளிய போகாதுங்க. அந்தக் கொழந்தைக்குத் தொந்தரவு குடுக்கோணும்னு எனக்கு என்னங்க ஆசையா? அன்னிக்கு அதுக்கு மூச்சு முட்டறது எச்சாயி அவங்கப்பன் தோள்ல போட்டுட்டுப் படில ஓடுனாரு. நான் கதவுல சின்னக் கண்ணாடி இருக்குதில்ல, அது வழியாப் பாத்தேன். கொழந்தையோட ஒதடு ஒரு மாதிரி நீலமா இருந்துச்சு. ஷர்மிளா ஒரு செருப்போட ஓடுது. ஓடறப்ப எங்க கதவ ஒரு அடி அடிச்சுட்டுப் போச்சு.

பொகையால இல்லீங்க அது. ரோட்டுல பைப்புக்குத் தோண்டிப் போட்டிருக்காங்களே, அந்தப் புழுதி. எல்லாருக்கும் இருமலு. இவரே இப்ப இருமறாரு. முன்னெல்லாம் இவருக்கு இருமலே கெடையாது. சளி கட்டி நெஞ்சுல கரகரன்னு சத்தம். டாக்டரு வந்து பாத்துட்டு, காத்தோட்டமா வெய்யுங்கன்னு சொல்றாரு. எங்கிருந்துங்க காத்தோட்டம்? காத்தத் தொறந்தா சட்டம் உள்ள வந்துருது.

இவரு ஒண்ணும் பெரிசாக் குடிக்கறதும் இல்ல கண்ணு. அத எழுதிக்குங்க. புரட்டாசில இருந்தே மொகத்தத் திருப்பிக்கறாரு. வாய்கிட்டக் கொண்டு போனா ஒதட்ட இறுக்கி மூடிக்கறாரு. ஒரு நாளு வாயத் தொறந்து, போதும்னாரு. தெளிவா வந்துச்சுங்க அந்த வார்த்தை. நான் ஓடிப் போயித் தரணிக்குப் போன் போட்டேன், உங்கப்பன் பேசிட்டாருடான்னு. போதும்னா, இன்னிக்குப் போதும்னு அர்த்தம். அடுத்த நாளு பத்தவெக்காம இருந்தா மனசு கஷ்டப்படுவாருல்ல. அதனால பத்தவெச்சு, அவரு பக்கத்துலயே உக்காந்துக்குவேன். வாசம் மட்டும் போதும் அவருக்கு. எரியறத அணைக்கவும் மனசு வராது, அது பாட்டுக்குத் தீரட்டும்னு கைல வெச்சிருப்பேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

வெரலா? இது மஞ்சளுங்க. கறிக்கு அரைச்சது.

தரணி சொல்றான், ஏதாச்சும் ஹோம்ல சேத்திரலாம்மா, நீயும் எத்தனை நாளைக்கு இப்படிக் கெடப்பேன்னு. எப்படிச் சேத்தறது? தண்ணி வேணும்னா அவரு எந்தக் கண்ணச் சிமிட்டுவாருன்னு அங்க யாருக்குத் தெரியும்? வேலைக்கு ஒரு பொண்ண வெச்சுப் பாத்தோம். ரெண்டே நாள்ல போயிருச்சு. மூச்சு முட்டுதுன்னு சொல்லிட்டுப் போச்சு. என்ற தங்கச்சி மக கலியாணம் நடந்துச்சுங்க, போன ஐப்பசில. இங்க இருந்து பஸ்ஸுல ஏறுனா வெயிலு ஏர்றதுக்குள்ள போயிரலாம். பட்டுச் சேலையக் கட்டி, பூ வெச்சு, இந்தச் சேர்ல உக்காந்திருந்தேன். பாத்துக்கறேன்னு சொன்ன வக்கீலு சம்சாரத்துக்கு அன்னிக்குப் பாத்து ஊர்ல இருந்து ஒறம்பரை வந்துருச்சு. தாலி கட்டறத வீடியோவுல பாத்தேன். அவருக்கும் காட்டுனேன். பாத்துட்டு அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியுங்களா அவருக்கு.

அன்னிக்கு மட்டும் ரெண்டு பத்தவெச்சேன். அவருக்குத்தான்.

இருங்க, இருமற சத்தம் கேக்குது. முழிச்சுட்டாரு. வாங்க, இப்பப் பாத்துக்கங்க. பாத்து வாங்க, கட்டலு இடிக்கும், இருட்டா இருக்குது. லைட்டப் போடறேன். ஏனுங்க, இங்க பாருங்க, மாநகராட்சில இருந்து ஆபீஸரம்மா வந்திருக்காங்க. பயப்பட வேண்டாம். சும்மா விசாரிக்க வந்திருக்காங்க.

கேளுங்க, நீங்களே கேளுங்க. காதெல்லாம் நல்லாக் கேக்கும் அவருக்கு. புத்தியும் தெளிவு. வாய்தான் வராது.

நான் வெளிய போகோணுமா? எதுக்குங்க? சரி, இங்கயே கதவுகிட்ட நின்னுக்கறேன்.

...

பாத்தீங்களா? தலைய ஆட்டறாரு. ஆமாங்கறாரு. ஐயா, இந்த வூட்ல பொகைக்கறது நீங்களான்னு நீங்க கேட்டீங்க, அவரு ஆமான்னுட்டாரு. இன்னொரு தடவை கேக்கறீங்களா? கேட்டுக்கங்க. அதே பதிலுதான். இங்க பாருங்க, இடது கையத் தூக்கித் தன் நெஞ்சத் தொட்டுக் காட்டறாரு. நான்தான், நான்தான்னு. அந்தக் கையத் தூக்கறதுக்கு அவருக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா? சாப்பாட்டுக்குக்கூட இப்படித் தூக்க மாட்டாரு.

எழுதிக்குங்க கண்ணு. பொம்பளைக்காக ஒருத்தரு பொய் சொல்லுவாருங்களா, அதுவும் இந்த நெலமைல? அவரு சொன்னா மெய்யாத்தான் இருக்கும்.

ஏனுங்க, போதும், கைய எறக்குங்க. எழுதிட்டாங்க. எறக்குங்கன்னு சொல்றேன்ல.

...ஐயோ, ஜன்னலத் தொறக்காதீங்க! அந்தச் சேலைத்துண்ட இழுக்காதீங்க கண்ணு, மேல போயிரும், ஷர்மிளா... சரி. சரிங்க. நீங்க ஆபீஸரு. உங்க இஷ்டம்.

காத்து வருதுங்க.

பாருங்க, தலையத் திருப்பறாரு அந்தப் பக்கம். அவராத் திருப்பறாருங்க. வாயத் தொறந்து இழுக்கறாரு பாருங்க, தண்ணி குடிக்கற மாதிரி. நெஞ்சு எப்படி ஏறி எறங்குது. எத்தனை நாளா இத இழுக்கோணும்னு இருந்தாரோ. எனக்குத் தெரியலீங்களே. அவருக்கு வாசம் புடிக்கும்னு நெனச்சேன்.

சட்டத்துல என்ன தண்டனைங்க? ஒண்ணுமில்லையா? நோயாளிங்கறதால எச்சரிக்கை மட்டுமா? நல்லதுங்க. அவரு பேருலயே எழுதுங்க. நஞ்சப்பன். அப்ப இந்த ஜன்னலு? தொறந்தே இருக்கோணுமா? எந்நேரமுமா? சரி. அப்ப இனிமேல் உள்ள... ஆமா. முடியாது. வெளங்குது.

என்னங்க? யாரு? நீங்களா? நீங்க உக்காந்துக்கறீங்களா, இவருகிட்ட?

எதுக்குங்க உங்களுக்குச் செரமம். இன்னும் எத்தனை வூடு பாக்கோணுமோ. இல்லீங்க, எனக்கு வெளிய ஒரு வேலையும் இல்ல. நான் எங்கயும் போறதில்ல. சும்மா காத்து வாங்கறதா? காத்துத்தான் இங்கயே வருதே.

ஏனுங்க, நீங்களுமா? பாருங்க கண்ணு, போன்னு கையக் காட்டறாரு. மறுபடியும் காட்டறாரு. என்னைய வெளிய போகச் சொல்றாரு பாருங்க, இந்த மனுசன். ஒரு காலத்துல நான் அவரப் போகச் சொன்னேன்.

சரி. சரிங்க. தண்ணி வேணும்னா இடது கண்ணச் சிமிட்டுவாரு. ரெண்டு தடவை சிமிட்டுனா திருப்பிப் படுக்க வெக்கோணும். இருமுனாருன்னா தலைய இப்படித் தூக்கிப் புடிங்க. பயந்துக்காதீங்க. அந்தச் செருப்பு எங்க போச்சு? இருக்குது, இருக்குது. தலை ஒண்ணும் கலைஞ்சு கெடக்கலீங்களே? பவுடரு பூசாமப் போனாக்கூடப் பரவால்லையா? யாரு என்னையப் பாக்கப் போறாங்க.

இதுங்களா? கைல... இது அவரோட பாக்கெட்டுங்க. ஸ்டூலு மேல இருந்துச்சு, அப்படியே கையோட வந்துருச்சு. இனிமேல் இங்க எதுக்கு? கீழ போறப்பக் குப்பைல போட்டர்றேன்.

சித்த நேரந்தான் கண்ணு. ஆனா ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் வரத் தாமசமானா ஜன்னல்ல நின்னு கூப்பிடுங்க. இவரு சம்சாரம்னோ, தரணி அம்மான்னோ கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். இப்படி எறங்கிப் பழக்கமில்லீங்க, எறங்குனா மறுபடி ஏறி வருவனான்னு எனக்கே பயமா இருக்குது. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. தெய்வாத்தாள்னு.

சத்தமாவே கூப்பிடுங்க. கேட்டுக்கு வெளிய வரைக்கும் கேக்கோணும்.